மிக்ஸியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன்

மிக்ஸி நின்றால் வீட்டில் முதலில் கேட்கும் வார்த்தை "மோட்டார் போச்சு" என்பதுதான். மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அதற்கு முன்னால் தேய்ந்து போவதற்கென்றே சில சின்னச் சாமான்கள் இருக்கின்றன: கப்ளர் (மோட்டாரின் சுற்றை ஜாருக்குக் கொண்டுபோகும் பல்லுள்ள துண்டு), கார்பன் (மோட்டாருக்குள் உரசிக் கரண்ட் கொடுக்கும் துண்டு), வாஷர் (மூடியின் ரப்பர் வளையம்), புஷ் (சுற்றும் தண்டைத் தாங்கும் வளையம்). ஒவ்வொன்றும் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் அடங்கிவிடும். ஆகவே எதைப் பிரிக்க உட்கார்ந்தாலும் விலை குறைந்த சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்து முடித்த பிறகே உள்ளே போங்கள்.

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிக்ஸியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். தமிழ்நாட்டு அடுக்களையில் தினமும் அடிபடுவது அதுதான். தமிழக அரசு 2011இல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்த மூன்றும் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இலவச மிக்ஸியானாலும் விலை கொடுத்து வாங்கியதானாலும் உள்ளே இருக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

தொடும் முன்

சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வையுங்கள். முறையாக ஒயரிங் செய்த வீட்டில் சுவிட்ச், கரண்ட் வரும் பேஸ் லைனைத் துண்டிக்கும். பழைய வீடுகள் சிலவற்றில் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருப்பார்கள். அங்கே சுவிட்சை அணைத்தாலும் மிக்ஸிக்குள் கரண்ட் இருக்கும். கை உலர்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். வாரன்டி முடியாத பொருளைப் பிரிக்காதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீல் கிழிந்தால் கம்பெனிக்காரர் கையை விரித்துவிடுவார்.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஸ்டார், தட்டை இரண்டும் உள்ள ஸ்க்ரூ டிரைவர் செட், டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், பழைய டூத் பிரஷ், ஜீரோ நம்பர் உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், தையல் மெஷின் ஆயில். கூடவே ஒரு மல்டிமீட்டர், அதாவது வோல்ட், ஓம் எல்லாம் அளந்து காட்டும் சின்னக் கருவி. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே வீட்டு வேலைக்குப் போதும். ஒயர் அறுந்திருக்கிறதா என்று 'பீப்' சத்தம் போட்டுச் சொல்லும் வசதி அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போனால் பேரம் பேசி வாங்கலாம்.

தேங்காய் எண்ணெயைப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. கதவுக் கீல் முதல் டேபிள் ஃபேன் வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நாளாக ஆகப் பிசினாகும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மோட்டாரின் புஷ்ஷுக்குத் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

சத்தமே இல்லை என்றால்

முதலில் அதே பிளக் பாயின்டில் ஒரு செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், கோளாறு பிளக் பாயின்டில் இருக்க மிக்ஸியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

அங்கே கரண்ட் இருந்தால், மிக்ஸியைச் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதுதான் ஓவர்லோடு சுவிட்ச். மோட்டார் தாங்க முடியாத அளவு சுமை ஏறினால் இது தானாக வெளியே தள்ளிக்கொண்டு கரண்டை நிறுத்திவிடும். பிளக்கை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பட்டனை உள்ளே அழுத்துங்கள். ஜாரில் இருப்பதில் பாதியை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். இந்தப் பட்டன் இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் மிக்ஸி வைத்திருக்கிறார்கள்.

பட்டன் ஒரு தடவை குதித்தால் கவலை இல்லை. அடிக்கடி குதித்தால் அரைக்கும் முறையில் கோளாறு. தண்ணீர் விடாமல் கெட்டியாகத் துவையல் அரைப்பது, காய்ந்த மஞ்சள் கிழங்கை அப்படியே போடுவது, ஜாரைக் கழுத்துவரை நிரப்புவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். மிக்ஸியின் அடியில் உள்ள தகட்டையும் ஒரு முறை படியுங்கள். பல மிக்ஸிகளில் 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு, மொத்தம் 30 நிமிடம் என்கிற மாதிரி போட்டிருக்கும். இட்லி மாவை மிக்ஸியிலேயே ஆட்டுகிறவர்கள் அந்த இரண்டு நிமிட ஓய்வைக் கொடுப்பதே இல்லை.

அப்புறம் லாக். சில மாடல்களில் ஜார் சரியாக உட்கார்ந்து திரும்பினால்தான் சுவிட்ச் வேலை செய்யும். ஜார் உட்காரும் இடத்தில் சட்னி காய்ந்து போயிருந்தால் லாக் விழாது. டூத் பிரஷ்ஷும் ஈரத்துணியும் போதும்.

இதற்குப் பிறகும் ஓடவில்லை என்றால் ஒயர். ஒயர் நடுவில் அறுவது அபூர்வம். பிளக்கின் கழுத்திலும் மிக்ஸிக்குள் நுழையும் இடத்திலும்தான் மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறும். மேலே ரப்பர் நன்றாகவே இருக்கும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, பிளக்கின் ஒரு பின்னையும் உள்ளே அதே கம்பி முடியும் இடத்தையும் தொட்டுக்கொண்டு, ஒயரின் கழுத்தை ஆட்டிப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் அங்கேதான் அறுந்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதி ஒயரில் புது பிளக் மாட்டுங்கள். அறுந்த இடத்தைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். சமையலறையில் எப்போதும் ஈரம்.

மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை

அடுப்படியில் அதிகம் வருவது இந்தக் கேஸ்தான். வீர் என்று சத்தம், ஜாருக்குள் தேங்காய் அப்படியே கிடக்கும். கோளாறு அடிப்பாகத்திலா ஜாரிலா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வேறு ஒரு ஜாரை மாட்டிப் பாருங்கள். அது சுற்றினால் முதல் ஜாரில் கோளாறு. அதுவும் சுற்றவில்லை என்றால் மோட்டாரின் மேல் இருக்கும் கப்ளர் போய்விட்டது. கப்ளரின் பற்கள் மழுங்கியிருப்பதோ ஒரு பக்கம் பிய்ந்திருப்பதோ கண்ணுக்கே தெரியும். சில சமயம் மிக்ஸியைச் சுற்றிக் கறுப்பாக ரப்பர் தூள் உதிர்ந்து கிடக்கும்.

கப்ளர் ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ இருப்பது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. ஜார் இறுகிக்கொண்டால் கப்ளர் தன்னைத் தியாகம் செய்து மோட்டாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால் "இரும்புல போட்டுத் தர்றேன், லைஃப் லாங் வரும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

மாற்றும் முறை இது.

1. பிளக்கை மாட்டி, ஜார் இல்லாமல் ஒரு நொடி மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். வேகம் குறையும்போது கப்ளர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து, மிக்ஸியின் உடம்பில் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். லாக் உள்ள மாடலில் இதற்கு ஜார் வேண்டும் என்றால், மூடி திறக்காத காலி ஜாரை மாட்டி பிளேடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மேலிருந்து பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

2. மோட்டாரின் தண்டு சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பல மிக்ஸிகளில் அடிப்பக்கம் நடுவில் ஒரு துளை வழியாகத் தண்டின் முனை தெரியும். அதில் ஸ்க்ரூ டிரைவர் வைக்க ஒரு வெட்டு இருக்கும். துளை இல்லாவிட்டால் அடிமூடியைக் கழற்றித் தண்டையே பிடிக்க வேண்டும். அங்கிருக்கும் பிளாஸ்டிக் விசிறியைப் பிடித்து முறுக்கினால் இறக்கை உடையும்.

3. கப்ளரை அம்புக்குறி காட்டும் பக்கமே திருப்புங்கள். கழன்று வரும். எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். மோட்டார் சுற்றும்போது கப்ளர் தானாக இறுக வேண்டும் என்று மரை வெட்டியிருப்பதால் இப்படி. புதிதாகச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

4. பழைய கப்ளரையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கம்பெனி பேரைச் சொன்னால் மட்டும் போதாது, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் பல்லும் மரையும் மாறும்.

5. புதியதை அம்புக்கு எதிர்ப்பக்கமாகக் கையால் இறுக்கினால் போதும். மீதியை மோட்டாரே இறுக்கிக்கொள்ளும்.

ஜாரின் அடியில் இருக்கும் கப்ளரும் இதே மாதிரிதான். ஜாரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, உள்ளே பிளேடு அசையாமல் தடிமனான துணியால் பிடித்து, அந்தப் பென்சில் அம்பு எந்தப் பக்கமோ அதே பக்கம் திருப்புங்கள். ஜார் தலைகீழாக இருப்பதால் கணக்கு ஒன்றாகவே வந்துவிடுகிறது.

ஜாரின் பிளேடு கையால் திருப்பினாலே சுற்றவில்லை என்றால் அது இறுகிக்கிடக்கிறது. நாள் பட எடுக்காமல் வைத்த சின்ன ஜாரில் இது சகஜம். கப்ளரைக் கழற்றும் வேலை இல்லை. ஜாரில் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, கவிழ்த்து, கப்ளரை இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துக் கொடுங்கள். பிளேடின் அடியில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விடலாம். இங்கே மெஷின் ஆயில் கூடாது, சாப்பாடு படுகிற இடம்.

ஜார் ஒழுகினால்

மேலே ஒழுகினால் மூடியில் உள்ள ரப்பர் வளையம். வாங்கி மாட்டினால் முடிந்தது. அடியில் ஒழுகினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி ஒரு பழைய செய்தித்தாள் மேல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நனைந்த இடம் கறுப்பாக இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாலும் தெரியும். மேலும் கீழும் இம்மி அசைவது பரவாயில்லை, இடமும் வலமும் லொடலொடவென்று ஆடக் கூடாது. புஷ்ஷை ஜாரின் அடியிலிருந்து தட்டி எடுத்து நேராக இறக்க வேண்டும். அது கடைக்காரர் வேலை, அரை மணி நேரத்தில் செய்து தருவார். அதுவரை அந்த ஜாரில் எதையும் அரைக்காதீர்கள், கறுப்பு சட்னியில் சேரும். மோட்டாருக்கும் கேடுதான்: ஒழுகும் தண்ணீர் நேரே மோட்டாரின் மேல் பேரிங்கில் இறங்கும்.

பிளேடைத் தீட்டக் கல் உப்பை அரைக்கச் சொல்வார்கள். உப்பு எஃகைவிட மிக மென்மையானது, எஃகைத் தீட்ட அதனால் முடியாது. இடுக்கில் ஒட்டியதைச் சுரண்டும், அதனால் பளிச்சென்று தெரியும், தீட்டியது போலத் தோன்றும். மழுங்கிய பிளேடைச் சாணை பிடிக்கத்தான் கொடுக்க வேண்டும்.

தீப்பொறி, நாற்றம்

மிக்ஸியின் காற்றுத் துளை வழியாக உள்ளே நீலமாகக் கொஞ்சம் பொறி தெரிவது இயல்பு. மிக்ஸி மோட்டார் சுமை இல்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 சுற்று அளவில் சுற்றுகிறது. மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சருக்குக் கரண்டைக் கொண்டுபோவது இரண்டு பக்கமும் உரசிக்கொண்டிருக்கும் கார்பன் துண்டுகள். உரசினால் தேயும். பொறி மஞ்சளாகி, பெரிதாகி, வளையம் முழுக்கச் சுற்றி எரிவது போலத் தெரிந்தால் அல்லது மிக்ஸி விட்டு விட்டு ஓடினால் கார்பனைப் பாருங்கள்.

அடிமூடியைத் திறந்தால் மோட்டாரின் இரு பக்கமும் பித்தளைக் கூட்டுக்குள், பின்னால் ஸ்பிரிங் அழுத்த, கார்பன் இருக்கும். கால் அங்குலத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேயாமல் இருந்து, பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவதானால், எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே போடுங்கள். அதன் முனை அந்த வளைவுக்கென்றே தேய்ந்து பதிந்திருக்கும். கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

கார்பன் உரசும் செம்பு வளையம் கறுத்திருந்தால் ஜீரோ நம்பர் உப்புத்தாளை மெல்லப் பிடித்துக் கையால் ஆர்மேச்சரைச் சுற்றித் துடைக்கலாம். செம்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ள கோடுகளில் தூள் தங்கக் கூடாது, டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். புதுக் கார்பன் போட்டபின் முதல் இரண்டு மூன்று நிமிடம் வெறும் மிக்ஸியை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். முதலில் பொறி கொஞ்சம் கூடுதலாக வரும், பதிந்ததும் குறையும்.

புது மிக்ஸியில் முதல் சில தடவை வார்னிஷ் நாற்றம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். பழைய மிக்ஸியில் கருகல் நாற்றம் நிற்காமல் வந்தாலோ, செம்புச் சுருள் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தாலோ, போட்டவுடன் வீட்டு டிரிப்பர் விழுந்தாலோ காயில் போய்விட்டது. இது வீட்டில் தீரும் வேலை இல்லை. மூடியைப் பழையபடி மாட்டிவிட்டு கடைக்குக் கிளம்புங்கள்.

கிரைண்டர்

கிரைண்டர் மோட்டார் வேறு ரகம். கார்பன் கிடையாது, மெதுவாகச் சுற்றும், ஆனால் கிளம்புவதற்கு ஒரு கண்டன்சரின் (கரண்டைத் தேக்கி வைக்கும் சின்ன டப்பா) உதவி வேண்டும். சுவிட்ச் போட்டதும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், அப்படியே விட்டால் காயில் எரியும். கல்லையெல்லாம் எடுத்துவிட்டுக் காலி டிரம்மோடு போட்டுப் பாருங்கள். ஓடினால் சுமைதான் பிரச்சினை. ஊறாத உளுந்து, தண்ணீர் போதாத மாவு, சாயங்கால நேரத்து லோ வோல்டேஜ் என்று ஏதாவது இருக்கும். பாதி ஆட்டும்போது கரண்ட் போய் வந்தால் நிறைய கிரைண்டர்கள் மாவோடு கிளம்பாது. கல்லைத் தூக்கி வைத்துவிட்டு ஓடவிட்டு, சுற்ற ஆரம்பித்ததும் அணைத்துக் கல்லைப் போட்டு மீண்டும் முயற்சி செய்யுங்கள்.

காலி டிரம்மும் கிளம்பாமல் முனகினால், பிளக்கை எடுத்துவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் கண்டன்சர்மேல்தான் சந்தேகம். அதன் மேலேயே மைக்ரோஃபாராட் அளவும் வோல்ட்டும் அச்சடித்திருக்கும். அதே மைக்ரோஃபாராட் எண்ணில்தான் வாங்க வேண்டும். கூடுதலாகப் போட்டால் பலம் கூடும் என்று நினைத்துப் போட்டால் மோட்டார் சூடாகும். வோல்ட் மட்டும் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். கழற்றும் முன் அதன் இரண்டு முனைகளையும் ஒரு பழைய குண்டு பல்பின் ஒயர்களால் தொட்டு, தங்கியிருக்கும் கரண்டை இறக்கிவிடுங்கள். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கும் பெரும்பாலும் இதே கண்டன்சர்தான் காரணம். அதில் வழக்கமாக இருப்பது 2.5 மைக்ரோஃபாராட்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு டிரம் மட்டும் தயங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது பெல்ட்டில் மாவுத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அடிமூடியைத் திறந்து துடைத்துப் பாருங்கள். உள்ளே கரப்பானும் எறும்பும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தால் அவற்றையும் காலி செய்யுங்கள். மாவு நைசாக வர முன்பைவிட அதிக நேரம் ஆகிறது என்றால் கல் மழுங்கியிருக்கும். "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் கூவியவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். கிரைண்டர் கடைகளில் கேட்டால் கொத்தித் தருபவரைக் காட்டுவார்கள்.

அயர்ன் பாக்ஸ், கெட்டில்

சூடு தரும் சாமான்களைச் சோதிப்பது எல்லாவற்றையும்விட எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூட்டுத் திருகை நடுவில் வைத்து, பிளக்கின் சின்னப் பின்கள் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் என்பதால் 750 வாட் அயர்ன் பாக்ஸ் சுமார் 70 ஓம் காட்ட வேண்டும், 1000 வாட் என்றால் 53, 1500 வாட் கெட்டில் 35. எண் வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் ஒயர், தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்), காயில் என்ற வரிசையில் பாருங்கள்.

இன்னொரு சோதனையையும் தவறாமல் செய்யுங்கள். சின்னப் பின்னில் ஒரு முனை, அயர்ன் பாக்ஸின் உலோக உடம்பில் ஒரு முனை. எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அது ஷாக் அடிக்கும் சாமான், அன்றே ஒதுக்கிவிடுங்கள். பெரிய எர்த் பின்னுக்கும் உடம்புக்கும் நடுவே மட்டும் பீப் வர வேண்டும். இரண்டு துளை எக்ஸ்டென்ஷனில் நுழைக்க வேண்டும் என்பதற்காக எர்த் பின்னைக் கழற்றி எறிகிற வழக்கம் இருக்கிறதே, அதைவிட ஆபத்தான சிக்கனம் கிடையாது. 1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், அதைச் சின்ன 6 ஆம்பியர் பாயின்டில் சொருகவும் கூடாது.

மைக்ரோவேவ் அவனையும் இன்டக்‌ஷன் அடுப்பையும் திறக்கவே திறக்காதீர்கள். மைக்ரோவேவின் உள்ளே இருக்கும் கண்டன்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

கடைக்குப் போனால்

"மிக்ஸி ஓடலண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பட்டன் அழுத்திப் பாத்தாச்சு, ஒயர் நல்லாருக்கு, கார்பன் நீளமாத்தான் இருக்கு, போட்டா டிரிப்பர் விழுது" என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி போகும். காயில் மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஆர்மேச்சரா ஃபீல்டு காயிலா (அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் சுருள்), புதுசா ரீவைண்டிங்கா (பழையதிலேயே புதுக் கம்பி சுற்றுவது), செம்புக் கம்பியா அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியம் விலை குறைவு, சீக்கிரம் சூடாகும். மொத்தச் செலவைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். ஆர்மேச்சரும் ஃபீல்டும் இரண்டுமே போய், செலவு புது மிக்ஸி விலையில் பாதியைத் தொட்டால் நான் புதியதுக்குத்தான் வாக்களிப்பேன். பழைய ஜார்கள் நல்ல நிலையில் இருந்தால் அதே கம்பெனியின் அதே வரிசை மிக்ஸியைத் தேடுங்கள், ஒரு ஜாரைக் கையோடு எடுத்துப்போய் உட்காருகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.